காற்றுக்குக் கட்டிய கூரை

வீடு கட்டுகிற எவரிடமாவது போய், "கூரை எதற்காக?" என்று கேட்டுப் பாருங்கள். வெயிலுக்காக என்பார், மழைக்காக என்பார், பனிக்காக என்றும் சேர்த்துக்கொள்வார். காற்றுக்காக என்று சொல்லுகிறவர் நூற்றுக்கு ஒருவர் கிடைத்தால் அதிசயம். வெயிலும் மழையும் கூரையை நாளடைவில் கெடுக்கின்றன. காற்றோ ஒரே இரவில் அதைக் கொண்டு போய்விடுகிறது. வருஷந்தோறும் வருகிற விருந்தாளியை நினைத்து வீட்டைக் கட்டிவிட்டு, இருபது வருஷத்துக்கு ஒரு முறை வருகிற கொள்ளைக்காரனை மறந்து போவது மனித சுபாவம் போலும்!

நம்முடைய சோழ நாட்டுக் கடற்கரைக்கு இந்தக் கொள்ளைக்காரன் புதியவன் அல்ல. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர்ப் பக்கத்தில் கரையேறிற்று. 2018-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி விடிவதற்கு முன்னால் 'கஜா' புயல் வேதாரண்யம் பகுதியைத் தாக்கிற்று. 1930-ல் ராஜாஜியின் தலைமையில் தொண்டர் படை நடந்து வந்து உப்பு அள்ளிய அதே வேதாரண்யந்தான். தலைமுறை தலைமுறையாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரு காலைப் பொழுதில் தரையோடு சாய்ந்தன. அந்தக் கோரத்தைப் பற்றிப் பத்திரிகைகள் அப்போது நிறைய எழுதின. ஆனால் தென்னைக்கு நேர்ந்ததைப் பற்றி எழுதிய அளவு, தலைக்கு மேலிருந்த கூரைக்கு நேர்ந்ததைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

புயல் போய்ச் சில வாரங்களுக்குப் பிறகு அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு தெருவில் நாம் கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். இரண்டு ஓட்டு வீடுகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுக்கும் ஒரே மாதிரிச் செங்கல் சுவர். ஒரே மாதிரிச் சீமை ஓடு. வயதும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றின் கூரை கைமரங்களோடு பெயர்ந்து கொல்லைப்புறத்தில் கிடந்தது. மற்றொன்றில் ஓரத்து ஓடுகள் மட்டும் போயிருந்தன. மரவேலை முழுவதும் நின்ற நிலையில் நின்றது. காற்று என்ன, ஆள் பார்த்து வீசுமா?

அங்கே வேலை செய்துகொண்டிருந்த வயோதிகத் தச்சர் ஒருவரை அணுகி, "ஆசாரியாரே, பக்கத்து வீடு போயிற்றே, இது மட்டும் எப்படித் தப்பிற்று?" என்று கேட்டோம்.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஓட்டைப் பார்த்துக்கிட்டுக் கேக்கறீங்க, ஐயா. கைமரத்தோட காலைப் பாருங்க" என்றார்.

பார்த்தோம். நின்ற வீட்டில் ஒவ்வொரு கைமரத்தின் அடியிலும், சுவரின் தலைமேல் படுத்திருக்கும் உத்தரத்தை அணைத்தபடி, ஓர் இரும்புப் பட்டை வளைத்து அடிக்கப்பட்டிருந்தது. உத்தரமோ சுவருக்குள் ஆழப் புதைத்த போல்ட்டினால் இறுக்கப்பட்டிருந்தது. போன வீட்டில் கைமரத்துக்கு ஒரே ஓர் ஆணிதான். அந்த ஆணி முறியவில்லை, வளையவுமில்லை. ஈறு தளர்ந்த பல்லைப் போல் அப்படியே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது.

கூரையைப் பற்றி நம்மில் பலருக்கு உள்ள எண்ணம், காற்று அதைத் தள்ளுகிறது என்பது. காற்று தள்ளுவது சுவரை. கூரையைப் பெரும்பாலும் அது தூக்குகிறது. வேகமாக வருகிற காற்று வீட்டின் மேல் ஏறி வளைந்து செல்லும்போது, கூரையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்ச் சரிவிலும், முகட்டருகிலும், இறவாணத்து ஓரங்களிலும், மூலைகளிலும் இந்த உறிஞ்சல் மிகக் கடுமையாயிருக்கும். புயலில் முதலில் போவது எப்போதும் ஓரத்து ஓடும் மூலை ஓடுமாக இருப்பதன் காரணம் இதுவே.

இந்தப் பலம் எவ்வளவு? கணக்கு என்றதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. இது எளிய கணக்கு. காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் சுமார் 47 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தை உண்டாக்கும். 150 கிலோமீட்டரில் அது சுமார் 106 கிலோ. 200 கிலோமீட்டரிலோ சுமார் 189 கிலோ! சென்னை நகரத்தில் கட்டடம் கட்டுகிறவர்கள் கணக்கில் கொள்ள வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் மணிக்கு 180 கிலோமீட்டர் என்று இந்தியத் தர விதி கூறுகிறது. ஆகவே இவையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லும் எண்கள் அல்ல.

இனி எதிர்த் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சீமை ஓடும் அதைத் தாங்கும் சட்டங்களுமாகச் சேர்ந்த கூரை, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 65 கிலோ எடை உள்ளது. 1865-ல் மங்களூரில் பாசல் மிஷன் பாதிரிமார் ஏற்படுத்திய தொழிற்சாலையிலிருந்து பரவியது இந்த ஓடு. வழி சீமையுடையதானாலும் மண்ணும் உழைப்பும் நம்முடையவை. 100 கிலோமீட்டர்க் காற்றில் இந்த ஓட்டுக் கூரை தன் எடையினாலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆணி என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. 150 கிலோமீட்டர்க் காற்று வந்ததும் தராசு மறுபக்கம் சாய்கிறது. முப்பது வருஷம் நின்ற கூரை ஒரே இரவில் போவதன் ரகசியம் இதுதான். அது அத்தனை காலமும் நின்றது கட்டின் பலத்தால் அல்ல, கனத்தினால்.

இங்கேதான் இன்று ஒரு பெரிய அபாயம் மறைந்திருக்கிறது. புயலில் ஓடு போன குடும்பத்தார் பலர், செலவைக் குறைப்பதற்காக அதே பழைய கைமரங்களின் மேல் மெல்லிய தகரத்தைப் பரப்பிவிடுகிறார்கள். மழை ஒழுகுவதில்லை, பார்வைக்கும் பளபளவென்று இருக்கிறது. ஆனால் அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகரத்தின் எடை சதுர மீட்டருக்கு 5 கிலோகூட இராது. மணிக்கு 60 கிலோமீட்டர்க் காற்றின் அழுத்தமே 17 கிலோ! ஆகவே, ஓட்டுக்குப் போதுமாயிருந்த ஒற்றை ஆணி தகரத்துக்கு ஒருநாளும் போதாது. ஓட்டை இறக்கித் தகரத்தை ஏற்றுகிறவர், இதுவரை கனம் செய்துவந்த வேலை முழுவதையும் கட்டின் தலையில் சுமத்துகிறார். கட்டை மாற்றாமல் கூரையை மட்டும் மாற்றினால், அடுத்த புயல்வரை காத்திருக்கக்கூட வேண்டாம்; பலத்த கோடைமழைக் காற்றே போதும்.

வெளியே உறிஞ்சும் காற்றுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு கூட்டாளி கிடைத்துவிட்டால் விபரீதம் இரட்டிக்கிறது. காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலோ கதவோ உடைந்தால், காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து மேலே நெம்புகிறது. மேலிருந்து இழுப்பவன் ஒருவன், கீழிருந்து தள்ளுபவன் ஒருவன் என்றால் கூரை எந்த மூலைக்கு? 'ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று இப்படி வந்து அப்படிப் போய்விடும்' என்று சொல்லுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சரியான யோசனை அல்ல. புயலன்று எல்லாக் கதவு ஜன்னல்களையும் மூடித் தாழிடுவதே நல்லது. கதவுக்கு உறுதியான குறுக்குக் கட்டை போட்டிருந்த நம் பாட்டன்மார் திருடனை நினைத்துத்தான் போட்டார்கள். அது காற்றுக்கும் உதவிற்று.

சரி, மரத்தைப் பற்றி என்ன? இவ்வளவு பலத்தை மரம் தாங்குமா என்று நேயர்கள் கேட்கலாம். தாங்கும். மரத்துக்கு ஓர் அரிய குணம் உண்டு. வருஷக்கணக்காக அழுத்திக்கொண்டிருக்கும் பளுவைவிட, சில நிமிஷங்களே வந்து போகும் பளுவை அது எவ்வளவோ அதிகமாகத் தாங்கிக்கொள்ளும். வளையும், மறுபடி நிமிரும். உளுக்காத, கறையான் அரிக்காத கைமரம் புயலில் நடுவே முறிந்ததாகக் கேள்விப்படுவது அரிது. போவதெல்லாம் மூட்டுகள். ஓடு ரீப்பரைப் பிடிக்க வேண்டும். ரீப்பர் கைமரத்தைப் பிடிக்க வேண்டும். கைமரம் உத்தரத்தை, உத்தரம் சுவரை, சுவர் அஸ்திவாரத்தைப் பிடிக்க வேண்டும். இது ஒரு சங்கிலி. ஒரு கண்ணி விட்டால் மற்ற நான்கும் எவ்வளவு பலமாயிருந்து என்ன பிரயோஜனம்?

மரத்தில் அடித்த ஆணியைப் பக்கவாட்டில் இழுத்து வெட்டுவது கடினம். அடித்த திசையிலேயே திரும்பப் பிடுங்குவது சுலபம். கைமரத்தின் மேலிருந்து கீழ்நோக்கி உத்தரத்தில் அடிக்கும் ஒற்றை ஆணியைக் காற்று அந்தச் சுலபமான வழியில்தான் பிடுங்குகிறது. இரும்புப் பட்டையை வளைத்து இரு பக்கமும் குறுக்கே ஆணியடித்தால், கூரையைத் தூக்க வரும் காற்று அந்த ஆணிகளைப் பக்கவாட்டில் வெட்டியாக வேண்டும். அதே இரும்பு, அதே மரம். இழுக்கும் திசை ஒன்று மாறியதும் பலம் பல மடங்காகிவிடுகிறது. தச்சர் 'கைமரத்தோட காலைப் பாருங்க' என்று சொன்னதன் தாத்பரியம் இதுதான்.

இதற்கு எத்தனை பலம் வேண்டும் என்று ஒரு மனக்கணக்குப் போடுவோம். கூடத்தின் மேல் 20 சதுர மீட்டர் ஓட்டுக் கூரை இருக்கிறது. பத்து ஜோடிக் கைமரங்கள். சுவரில் உட்காரும் கால்கள் இருபது. 150 கிலோமீட்டர்க் காற்றின் அழுத்தம் முழுவதும் தூக்குவிசையாகவே மாறிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,100 கிலோவுக்குச் சற்று மேல். இதில் கூரையின் சொந்த எடை 1,300 கிலோ போக, மிஞ்சுவது 800 கிலோ சொச்சம். அதை இருபது கால்களுக்குப் பங்கிட்டால், கால் ஒன்றுக்கு 40 கிலோ! மூலைகளில் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், ஆகட்டும். ஒரு குடும்பம் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்வதற்கும் தெருவில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம், கைமரம் ஒன்றுக்கு ஓர் அரிசி மூட்டையின் எடை என்பது எவ்வளவு பரிதாபம்! இந்த எடையைப் பிடித்து நிறுத்த ஒரு முழ நீளமுள்ள இரும்புப் பட்டையும் கைப்பிடி ஆணியும் போதும்.

கட்டுக்கு அடுத்தபடியாக உருவத்தைக் கவனிக்க வேண்டும். இரு பக்கம் மட்டும் சரிந்து, மற்ற இரு பக்கமும் முக்கோணச் சுவராக நிற்கும் கூரையைவிட, நான்கு பக்கமும் சரிந்து இறங்கும் கூரை காற்றுக்கு நல்லது. முக்கோணச் சுவர் காற்றின் முன் பாய்மரம் போல் நிற்கிறது. அது விழுந்தால் கூரையையும் கூடவே இழுத்துச் செல்லும். சரிவு மிகத் தட்டையாயிருந்தால் உறிஞ்சல் அதிகம். சுமார் 30 பாகை வரையில் சரிவு இருந்தால் காற்றடிக்கும் பக்கத்துச் சரிவில் உறிஞ்சல் வெகுவாகத் தணிகிறது. இறவாணம் அரை மீட்டருக்குமேல் வெளியே நீளாமலிருப்பது நல்லது. திண்ணைச் சார்ப்பையும் தாழ்வாரத்தையும் பெரிய கூரையோடு ஒரே நீட்டாகக் கட்டாமல் தனியாகக் கட்ட வேண்டும். அவை போனாலும் தாய்க்கூரை நிற்கும். சேர்த்துக் கட்டினால் திண்ணைக்குள் புகுந்த காற்று கூடத்தையும் சேர்த்துப் பிரித்துவிடும்.

நான்கு சட்டங்களை நான்கு ஆணியால் இணைத்த சதுரத்தைக் கையால் அமுக்கினால் கோணிப்போகிறது. குறுக்கே ஒரு சட்டம் அடித்துவிட்டால் அசையாது. ஆடுகிற முக்காலியைச் சரிசெய்யத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சூத்திரம் தெரியும். கைமரங்களுக்கிடையே சாய்வாகக் குறுக்குச் சட்டங்கள் கொடுத்தால், கூரை முழுவதும் ஓருடலாகிக் காற்றை எதிர்க்கிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் பழைய தச்சர்கள் இதை வேறொரு விதத்தில் அறிந்திருந்தார்கள். கைமரங்களின் நடுவே துளையிட்டு, 'வளபந்தம்' என்னும் மரச் சட்டத்தை மாலைக்கு நூல் கோப்பது போல அவற்றினூடே கோத்தார்கள். ஒரு கைமரத்தைத் தூக்க வேண்டுமானால் பக்கத்திலிருப்பவை எல்லாவற்றையும் தூக்கியாக வேண்டும். தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகிறவர்கள் அங்குள்ள சித்திர வேலைகளைப் பார்த்து வியக்கிறார்கள். ஒரு நிமிஷம் தலையை நிமிர்த்திக் கூரையின் அடிப்புறத்தையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

அந்நிய தேசங்கள் இந்தப் பாடத்தைப் படித்த விதமும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஆஸ்திரேலியாவின் வடகரையிலுள்ள டார்வின் நகரத்தை 1974-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று 'டிரேஸி' என்ற புயல் தாக்கிற்று. காற்றளக்கும் கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் என்று காட்டிவிட்டுத் தானே பழுதாகிவிட்டது. மரச் சட்டத்தில் தகரம் வேய்ந்த அந்த நகரத்து வீடுகளில் பெரும்பாலானவை நாசமாயின. ஆராய்ந்து பார்த்தார்கள். தகரம் மாறி மாறி மேலெழுந்தும் படிந்தும் துடித்ததில், ஆணியும் திருகும் பிடித்திருந்த இடங்களில் பிளவு கண்டு கிழிந்திருந்தது. கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் முறிகிறதல்லவா? அதேதான். பெரிய கட்டடங்களுக்குக் கணக்குப் போட்ட எஞ்சினீயர்கள், சின்ன வீட்டுக்குக் கணக்கு எதற்கு என்று இருந்துவிட்டதும் தெரிய வந்தது. அதன் பிறகு அங்கே சட்டம் மாறிற்று. கூரையிலிருந்து அஸ்திவாரம் வரையில் பிடிப்பு அறாமல் வீடு கட்ட வேண்டுமென்று விதித்தார்கள். 1977-ல் டவுன்ஸ்வில் நகரத்துச் சர்வகலாசாலையில் புயலுக்கென்றே ஒரு பரிசோதனை நிலையம் ஏற்பட்டது. 2006-லும் 2011-லும் அந்த நாட்டைக் கடும் புயல்கள் தாக்கியபோது, புதிய விதிப்படி கட்டிய வீடுகள் பழைய வீடுகளைவிட எவ்வளவோ நன்றாகத் தாக்குப்பிடித்தன.

நமது தேசத்திலும் விதி இல்லாமல் இல்லை. சிறிய வீடுகளைப் புயலுக்குத் தக்கபடி உறுதிப்படுத்துவது எப்படி என்பதற்கென்றே 2004-ல் இந்தியத் தர நிறுவனம் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. அது எஞ்சினீயர்களின் அலமாரியில் இருக்கிறது. கூரை போடுகிற தச்சரின் கையிலும், கூலி கொடுக்கிற குடும்பத் தலைவியின் கையிலும் அல்லவா அது இருக்க வேண்டும்? படம் போட்டு, எளிய தமிழில், நான்கு பக்கத்தில் அச்சிட்டுக் கடற்கரைக் கிராமந்தோறும் கொடுத்தால் அதைவிடச் சிறந்த புயல் நிவாரணம் வேறில்லை. புயல் போன பிறகு அரிசியும் வேஷ்டியும் கொடுப்பது தர்மம். புயலுக்கு முன்னால் இரும்புப் பட்டை கொடுப்பது ராஜதந்திரம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு கட்டும் காற்றுக்குத்தான், கடலுக்கு அல்ல. 1964-ம் வருஷம் டிசம்பர் மாதம் தனுஷ்கோடியை அழித்த புயலில் ஊருக்குள் கடலே எழுந்து வந்தது. கடல் பொங்கி வரும்போது எந்தப் பட்டையும் எந்தப் போல்ட்டும் துணை நிற்கா. 'நம் கூரை உறுதியானது' என்ற தைரியத்தில், வீட்டை விட்டு வெளியேறும்படி அதிகாரிகள் அறிவித்த பிறகும் யாரும் உள்ளே உட்கார்ந்திருக்கக் கூடாது. நல்ல கூரையின் பெருமை, திரும்பி வரும்போது அது இருந்த இடத்தில் இருப்பதுதான்.

நம் வீடுகளில் ஓடு மாற்றுகிற வழக்கம் உண்டு. சித்திரை வைகாசியில் ஆள் விட்டு, உடைந்த ஓட்டைக் களைந்து நல்ல ஓட்டை வைப்பார்கள். கூரையின் மேல் ஆள் ஏறும் அந்த ஒரு நாளில், கைமரத்தின் கால்களையும் ஒரு முறை பார்த்துவிட்டால் என்ன? உளுத்த நுனி எது, தளர்ந்த ஆணி எது என்று தட்டிப் பார்க்கலாம். ஒற்றை ஆணி உள்ள இடங்களில் பட்டை வளைத்து அடிக்கலாம். இறவாணத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் காரை வைத்தோ கம்பி கொண்டோ இறுக்கலாம். கீற்று வேய்ந்த வீடானால், கூரையின் மேல் கயிற்று வலை போர்த்தி, நுனிகளைச் சுவரோடும் தரையில் அறைந்த முளையோடும் இழுத்துக் கட்டலாம். இவை ஒரே வருஷத்தில் எல்லா அறைகளுக்கும் முடியாது, முடிய வேண்டியதுமில்லை. குழந்தைகளும் முதியவர்களும் படுக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள். வருஷத்துக்கு ஓர் அறை என்று வைத்துக்கொண்டாலும், நான்கு கோடையில் வீடு முழுவதும் கட்டுக்குள் வந்துவிடும்.

ஐப்பசி பிறந்து, வானொலியில் வங்கக் கடலின் பெயர் அடிபடத் தொடங்கிய பிறகு தச்சரைத் தேடினால் அவர் அகப்பட மாட்டார். கோடையிலேயே கூப்பிட்டு அனுப்புங்கள்.